குறவுண்டு என்று அவர் சொன்னார்

காலில் பைபாஸ் முடிந்து, வெளுத்துக் கிடந்த பாதம் மெல்லச் சிவந்து, கணுக்காலில் துடிப்பு திரும்பும்போது அறையில் இருக்கும் எல்லோரும் அந்தப் பாதத்தைப் பார்ப்பார்கள். பிறகு உங்களைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அந்த நிமிஷத்தை நம்பாதீர்கள். பாதத்துக்கு அப்போது கிடைப்பது ஜாமீன். வழக்கு இனிமேல்தான் நடக்கும்.

எல்லை தாண்டி நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு ரத்தக்குழாய் அறுவைப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஆண்டு மலருக்கு, இளையவர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதச் சொன்னீர்கள். ஊக்கம் என்னிடம் கையிருப்பில் இல்லை. ஒரு கால் பற்றிய விஷயம் இருக்கிறது. அதைத் தமிழில்தான் சொல்ல முடியும். இங்கிலீஷில் எழுதினால் அந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. மலையாளத்தில் எழுதினாலும் தெரியாது. இரண்டு மொழியும் தன் வீட்டு மொழி என்று நினைத்துக்கொண்டிருப்பவனால் மட்டுமே செய்ய முடிகிற தவறு அது. செய்தவன் நான்.

கிராஃப்ட், அதாவது நாம் வைக்கும் மாற்றுக்குழாய், ஏன் அடைக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். என் வழியில் ஒருமுறை கேளுங்கள். தமனி அடைத்துப்போனவருக்கு ஒரு சுற்றுவழி போட, அவர் காலிலிருந்தே ஒரு சிரையை எடுக்கிறோம். நோயாளிகள் அதை நரம்பு என்பார்கள். திருத்த வேண்டாம், அவர்களுக்கு வேறு கவலைகள் இருக்கின்றன. அந்தச் சிரை அதுவரை சாவகாசமாக வாழ்ந்து பழகியது. அதைத் தமனியின் அழுத்தத்தில் கொண்டுபோய் வைப்பது, வீணை வித்வானைச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை தூக்க விடுவது மாதிரி. தூக்குவார். தூக்கத் தூக்கத் தோள் காய்த்துப்போகும். சிரையின் உட்சுவரும் அப்படித்தான் தடிக்கிறது, வழி குறுகுகிறது. முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் நம் கைக்குற்றம். பிறகு இரண்டு வருஷம் வரை இந்தத் தடிப்பு. அதற்கும் தப்பினால் பழைய வியாதியே மறுபடி வந்து கதவைத் தட்டும்.

இதில் ஒரே ஒரு கருணைதான் உண்டு. வழி குறுகிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தால் பலூன் வைத்து விரித்துவிடலாம். அல்லது சின்னதாக ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம். முழுக்க அடைத்த பிறகு கண்டுபிடித்தால் நம்மிடம் மிச்சமிருப்பது கத்தியும் சமாதானமும்தான். ஆகவே கிராஃப்டைக் காப்பாற்றுவது என்றால் அறுவைக்குப் பிறகு கண்ணையும் காதையும் திறந்து வைத்திருப்பது. கண்ணுக்கு ஸ்கேன் இருக்கிறது. காதுக்கு எந்த மெஷினும் இல்லை.

என் முதல் தவறைக் கை செய்தது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள், எடுத்த சிரைக்குள் உப்புநீரைச் செலுத்தி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அது பளபளவென்று விம்மி நின்ற அழகில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். என் ஆசிரியர் முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் திருப்பி, "உற்சவத்தினு பலூன் வில்க்கான் போகுன்னோ?" என்றார். திருவிழாவில் பலூன் விற்கப் போகிறாயா என்று. உள்தோல் கிழிந்த சிரை அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, மாதங்கள் கழித்துப் பழிவாங்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என் கை ஒழுங்காகவே இருந்தது.

அதே ஆசிரியரிடம்தான் இரண்டாவது தவறையும் கற்றுக்கொண்டேன். அதற்கு அவர் என்னைப் பாராட்டினார்.

அவர் புறநோயாளிகளைப் பார்க்கும் வேகம் ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். ஒரு காலைப்பொழுதில் அறுபது பேர். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "குறவுண்டோ?" மலையாளத்தில் இதற்கு அர்த்தம், வியாதி குறைந்திருக்கிறதா, தேவலையா என்பது. வியாதி என்ற சொல்லை வாயால் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள். அது இங்கே ஒரு நாசூக்கு. "குறவுண்டு" என்றால் தேவலை. "குறவில்லா" என்றால் தேவலை இல்லை. ஒரு சொல் கேள்வி, ஒரு சொல் பதில், அடுத்த ஆள். "இதில் கூடுதல் கேட்பவனுக்கு மத்தியான ஊண் கிடைக்காது" என்பார். எனக்கு மத்தியானச் சாப்பாடு பிடிக்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியையே கேட்டேன்.

நான் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்தவன். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி இறங்கினால் மலையாளம், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ். மூன்றையும் கலந்து பேசுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அடுப்பங்கரைத் தமிழிலேயே பாதி மலையாளம்தான். ஜுரம் வந்தால் என் அம்மாவும் "குறவுண்டோடா?" என்றுதான் நெற்றியைத் தொட்டுக் கேட்பாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுடலைமுத்து போனக்காட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரர். அறுபதை நெருங்கும் வயது. மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். தொழிற்சாலையில் மெஷின் ஓடி வருஷக்கணக்காகிவிட்டது. காவல் பார்க்கச் சொல்லவும் யாரும் இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் தன் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, மேட்டில் இருக்கும் தொழிற்சாலைக்கு ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

"மெஷின் ஓடாத கட்டடத்துக்கு என்னத்துக்குக் காவல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பூட்டு உண்டுல்லா சார்" என்றார்.

அந்த ஏற்றத்தில்தான் அவர் கால் முதலில் காட்டிக்கொடுத்தது. ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றார். பிறகு இரண்டு இடம், பிறகு நான்கு. என்னிடம் வந்தபோது படுத்திருந்தாலும் வலி, விரலில் ஆறாத புண். தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பைபாஸ் செய்தேன். நல்ல சிரை. நல்ல தையல். சொந்தக் கையைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பீடியைப் பற்றி வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பாதியிலேயே மடியிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க சார். நீங்களே வச்சுக்கிடுங்க."

"நான் இதை வச்சுண்டு என்ன பண்றது?"

"யாருக்காவது காலு ரொம்ப நல்லாருந்தா குடுங்க."

பக்கத்தில் நின்ற அவர் மகள் முத்துச்செல்வி சிரிப்பை அடக்கத் தெரியாமல் திரும்பிக்கொண்டாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, நெடுமங்காட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். அப்பாவிடம் தமிழ், எங்களிடம் மலையாளம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராஃப்ட் அடைத்தால் நோயாளியைக் குறை சொல்ல நமக்குப் பத்துக் காரணங்கள் தயாராக இருக்கும்: மாத்திரை சாப்பிடவில்லை, பீடி விடவில்லை, சொன்ன தேதிக்கு வரவில்லை. சுடலைமுத்து ஒருநாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை. பீடியை மறுபடி தொடவில்லை. சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். அந்த மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவது என்றால் எழுந்திருக்க வேண்டிய நேரம் உங்களுக்குத் தெரியும். அவர் பங்கில் ஓட்டை இல்லை.

முதல் மாதமும் மூன்றாம் மாதமும் மகளோடு வந்தார். ஸ்கேன் இரண்டு தடவையும் சுத்தம். நான் "குறவுண்டோ?" என்றேன். "குறவுண்டு ஸாரே" என்று மகள் சொன்னாள். "இப்போ நிக்காதெ ஃபாக்டரி வரெ கேறிப் போகும்." அப்பா அதை ஆமோதித்துத் தலையசைத்தார். நிற்காமல் மேலே வரை ஏறுகிறார் என்பதைக் கேட்டு எனக்குள் அந்தப் பழைய நிமிஷம் மறுபடி வந்தது.

ஆறாம் மாதம் தனியாக வந்தார். அன்று மகளுக்கு அரசு வேலைக்கான ஏதோ பரீட்சை. ஸ்கேன் மெஷின் பழுதுபார்க்கப் போயிருந்தது. வெளியே வராந்தாவின் திருப்பம் வரை வரிசை. என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்த லீலாம்மா சிஸ்டர், எல்லோருக்கும் கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்து ஃபைலில் எழுதி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

மகள் இல்லை, ஆள் தனியாக வந்திருக்கிறார், நாமே தமிழன், எதற்கு மலையாளம் என்று எனக்குத் தோன்றியது. அது ஒரு மரியாதை என்று நினைத்தேன். முழுத் தமிழில் வரவேற்றேன்.

"வாங்கோ சுடலைமுத்து. எப்படி இருக்கேள்? பொண்ணு வரலையா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரீட்சை சார். அவ வந்தா என்னைப் பேச விடமாட்டா. இன்னைக்கு நானே பேசிக்கிடுதேன்."

"பேசுங்கோ. கால் எப்படி, குறவு உண்டோ?"

"உண்டு சார். ஏத்தத்துல கொஞ்சம் கொறவு உண்டு. எறக்கத்துல ஒண்ணும் இல்ல."

ஏற்றத்தில் கொஞ்சம் தேவலை, இறக்கத்தில் தொந்தரவே இல்லை. நான் கேட்டது இது. ஃபைலில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். பாதத்தில் விரல் வைத்தேன், துடிப்பு இருந்தது. துடிப்பு இருந்தால் குறுகல் இல்லை என்று அர்த்தமாகாது என்பதை உங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மணி நேரம் பாடமாக எடுத்திருந்தேன்.

லீலாம்மா கதவருகே வந்து நின்றார். "ஸாரே, ஆ காலின்றெ ப்ரஷர் இச்சிரி குறவாணு கேட்டோ."

அந்தக் காலின் அழுத்தம் கொஞ்சம் குறைவு. அதே சொல், ஒரு நிமிஷ இடைவெளியில், இன்னொரு வாயிலிருந்து. வலி குறைந்தால் நல்லது, ரத்தம் குறைந்தால் கேடு. எனக்கு அது உறைக்கவில்லை.

"ஆளு குறவுண்டுன்னு பறயுன்னு சிஸ்டரே. காலத்தே பஸ்ஸில இருந்நு காலு தணுத்தது ஆயிரிக்கும்" என்றேன். ஆளே தேவலை என்கிறார், காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து கால் குளிர்ந்திருக்கும் என்று. சிஸ்டர் ஒரு விநாடி நின்றார். அவருக்கும் வரிசை இருந்தது. போய்விட்டார்.

நான் சுடலைமுத்துவிடம் திரும்பினேன். "மெஷின் ரிப்பேர். அடுத்த வாரம் வந்தா ஸ்கேன் எடுக்கலாம். ஆனா உங்களை இன்னொரு தடவை அந்த மலையிலேர்ந்து இழுத்தடிக்கணுமா? மூணு மாசம் கழிச்சு வாங்கோ, போதும்."

"நீங்க சொன்னாச் சரி சார்" என்று எழுந்தார். என்னமோ கேட்க வருவதுபோல அவர் ஒரு கணம் நின்றது இப்போது ஞாபகம் வருகிறது. உண்மையிலேயே நின்றாரா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இந்த மாதிரி ஞாபகங்கள் பின்னால் வளர்ந்துகொள்ளும்.

நோயாளிக்குச் சலுகை செய்யும்போது நம் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். பஸ்ஸுக்காக இரக்கப்பட்டேன். காலுக்காக இரக்கப்பட்டிருந்தால் அடுத்த வாரமே வரச் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, சொன்ன தேதியில், முதல் ஆளாக வந்தார். இந்தத் தடவை சக்கர நாற்காலியில் மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரிப்பதற்கு முன்பே அறையில் வாடை வந்துவிட்டது. மூன்று விரல்கள் கறுத்திருந்தன. முன்பாதம் நீலமாக, தொட்டால் சில்லென்று.

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆகுது சார்."

"ஏன் உடனே வரலை?" என் குரல் உயர்ந்திருந்தது.

"இந்தத் தேதிக்கு வரச் சொன்னீங்கல்லா" என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. வரச் சொன்ன தேதி, வந்திருக்கிறேன்.

மெஷின் இப்போது நன்றாக வேலை செய்தது. கிராஃப்ட் முழு நீளமும் அடைத்துக் கிடந்ததைத் தெளிவாகக் காட்டியது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் காலம் எப்போதோ தாண்டியிருந்தது. கையிலிருந்து ஒரு சிரையை எடுத்து மறுபடி பைபாஸ் செய்தேன். மெல்லிய சிரை, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. முழங்காலையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று காத்திருந்தோம். முழங்கால் இருந்தால் பொய்க்கால் வைத்து ஏற்றத்தில்கூட ஓரளவு நடக்கலாம். அழுகல் மேலே ஏறிக்கொண்டே வந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்று சொல்ல, சம்மதக் கையெழுத்துக்கான தாளோடு நானே அவர் படுக்கைக்குப் போனேன். அந்த வேலையை ஜூனியரிடம் தள்ளாத அளவுக்கு எனக்கு இன்னும் வெட்கம் இருந்தது.

எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்பவர்போல, "ஏன் சார், நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றார்.

"என்ன சொன்னேள்?"

"கொறவு உண்டுன்னு. ஏத்தத்துல ஓட்டம் கொறவா இருக்குன்னு. நீங்கதான கேட்டீங்க, கொறவு உண்டான்னு? திரும்பவும் ரெண்டு எடத்துல நிக்க ஆரம்பிச்சிருந்தேன் சார். நீங்க எத்தனை எடம்னு கேப்பீங்கன்னு எண்ணி வச்சிருந்தேன். நீங்க கேக்கல. சரி, பெரிய டாக்டருக்குத் தெரியாததா, மூணு மாசம் தாங்கும்னுதான் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

உயர்நிலைப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்துப் பரிசு வாங்கியவன் நான். குறைவு என்றால் தமிழில் பற்றாக்குறை, குற்றம், போதாமை. இது தெரியாத தமிழன் கிடையாது. மலையாளத்தில் கேட்டிருந்தால் அவரும் மலையாளமாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார். அந்த மண்ணிலேயே பிறந்தவர், அவருக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும். நான் வாங்கோ என்று தமிழில் அழைத்து, தமிழில் உட்காரவைத்து, தமிழுக்குள்ளேயே ஒரு மலையாளக் கேள்வியைப் போட்டேன். அவர் தமிழ் என்று நம்பிப் பதில் சொன்னார்.

முத்துச்செல்விக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் முகத்தில் இரண்டு அர்த்தமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தேன். முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா" என்றாள் தமிழில், மெதுவாக. "நீங்க சொன்னது சாருக்கு சுகமுண்டுன்னு கேட்டிருக்கும். மலையாளத்துல அப்படியாக்கும்."

"ஆமா என்ன" என்றார். "நானும் விவரமா வலின்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு நீ வரலியே, நானே பேசுதேன்னு பெருமைக்கு நின்னேன்." பிறகு என்னிடம், "வுடுங்க சார். நம்ம பேச்சுல உள்ள கொளறுபடி. எங்கன கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன்.

மாதக் கடைசியில் சிக்கல்களைப் பரிசீலிக்கும் கூட்டம். அதில் உட்கார்ந்திருப்பீர்கள்; யார் எப்போது தலையைக் குனிவார்கள் என்று தெரியும். அழுத்தம் குறைந்திருந்ததை ஆறாம் மாதமே எழுதியிருக்கிறதே, டாக்டரிடம் சொன்னீர்களா என்று லீலாம்மாவைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். "சொன்னார். நான்தான் பொருட்படுத்தவில்லை" என்றேன். அந்த அளவுக்கு யோக்கியன். நோயாளி ஏன் தொந்தரவைச் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது.

அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னார், தமிழில் சொன்னார், தமிழனான எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன். முப்பது வருஷப் பெயர் ஒரு ஜோக்காகிவிடும். 'நோயாளி அறிகுறியைத் தெரிவிக்கவில்லை' என்று குறிப்பில் எழுதினார்கள். தூரத்து மலையில் வசிப்பவர் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். ஃபைலில் இன்றும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு பொய் அறைக்குள் அடங்கிக் கிடக்காது. நோயாளிகள் தொந்தரவைச் சொல்வதில்லை என்று கூட்டம் முடிவு கட்டியதால், இனி எல்லோரிடமும் எழுத்துமூலம் கேட்பது என்று ஒரு படிவம் போட்டார்கள். முதல் கேள்வி என்ன தெரியுமா? 'குறவுண்டோ?' பக்கத்தில் இரண்டு கட்டம்: உண்டு, இல்ல.

எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழிலும் ஒன்று வேண்டும் என்று என்னிடமே கொடுத்தார்கள். சரி, இதிலாவது திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே கேள்வியை இரண்டாக்கினேன்: வலி குறைந்திருக்கிறதா? நிற்காமல் நடக்கும் தூரம் குறைந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றால் நல்லது, மற்றதற்கு ஆம் என்றால் ஆபத்து. அச்சாகி வந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கியிருந்தார்கள். 'குறைந்திருக்கிறதா? ஆம் / இல்லை.' திருத்தச் சொல்லி எழுதினேன். இருக்கும் கட்டு தீரட்டும் என்றார்கள். நான் ஓய்வுபெறும்வரை தீரவில்லை. ஏன் அவசரம் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே பதில் கூட்டத்தில் நான் விழுங்கிய பதில். ஆகவே அப்போதும் விழுங்கினேன்.

அதன் பிறகு நான் மட்டும் ஒவ்வொருவரிடமும் எது குறைந்தது, எது கூடியது, எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாடு சாயந்திரத்துக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு மூன்று கிராஃப்டுகளைக் குறுகும்போதே பிடித்தேன். அதைச் சொல்லி உங்களை ஊக்கப்படுத்தலாம். ஆனால் நான் கேட்காமல் விட்ட இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் எதைச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அவர்களையெல்லாம் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதினோம். இந்தக் கணக்கின்மை தூக்கத்துக்கு நல்லதல்ல.

சிரையை மெதுவாகக் கையாளுங்கள், மாத்திரையை விடாமல் பாருங்கள், மெஷின் பழுதென்றால் பழுது தீர்ந்ததும் ஆளைக் கூப்பிடுங்கள், சிஸ்டர் கதவில் வந்து நின்றால் பேனாவைக் கீழே வையுங்கள். இதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள். அந்தப் படிவம் உங்கள் மேஜையில் இருந்தால் அந்த முதல் வரியை அடித்துவிட்டு வாயால் கேளுங்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின மாதம் சுடலைமுத்து வந்தார். மலையிலிருந்து இறங்கி மகளோடு நெடுமங்காட்டில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். ஊன்றுகோல் சமதரைக்குச் சரி, லயத்துப் படிக்கு ஆகாது. வெட்டிய இடத்தில் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. மற்றக் காலைச் சோதித்தேன், ஸ்கேன் பார்த்தேன், அழுத்தத்தை நானே எடுத்தேன். மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பீடிக்கட்டு ஒரு மூலையில் கிடந்தது. அவர் கண்ணில் படாமல் மூடினேன்.

"அங்க பூட்டை இப்போ யார் பாக்கறா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார்."

மகள் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தாள். எதையெல்லாம் கேட்க வேண்டுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக, வலி, தூக்கம், மற்றக் கால், பசி என்று பெயர் சொல்லிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுந்து ஊன்றுகட்டைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டபோது, மரியாதைக்காக, கடைசியாக, "வேற ஏதாவது?" என்றேன்.

"ஒரு கொறவும் இல்ல சார்" என்றார்.

தமிழில் அதற்கு, எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அர்த்தம். மலையாளத்தில், கொஞ்சம்கூடத் தேவலை இல்லை என்று. எந்த மொழியில் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கதவு வரை கட்டைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.